அட்ரோபின் ஊசி போட்டதும் மாட்டுக்கு வாய் ஒழுகுறது நின்னுடுச்சு, எப்படி?

கேத்தி கேரட்
ஞாயிறு, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். மாடு பிழைச்சுக்கிச்சு, யாரும் பதற வேண்டாம். ஒரு விஷயம் புரியாம ரெண்டு நாளா மனசுல ஓடிட்டே இருக்கு, அதான் எழுதறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எங்க ஜெர்சி கிராஸ் கயித்தை அவுத்துக்கிட்டு பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிட்டா. அங்க காலைல கேரட்டுக்கு மருந்தடிச்சுட்டு டிரம்மை அப்படியே வச்சிருந்தாங்க. அடியில ஒரு சொம்பு தண்ணி நின்னிருக்கும். அதை நக்கியிருக்கா. நான் போய்ப் பார்க்கும்போது கீழுதட்டுல இருந்து தரை வரைக்கும் எச்சில் நூல் நூலாத் தொங்குது. அறுந்து விழுது, உடனே அடுத்தது இறங்குது. மண்ணுல ஒரு சாண் அகலத்துக்கு நுரைக்குட்டை. கண்ணுலயும் தண்ணி. கண்ணு நடுவுல கருப்பு இருக்கே, அது வெயிலே இல்லாத மேகமூட்டத்துல ஒரு கோடு மாதிரி சுருங்கியிருந்தது. சாணி தண்ணியாப் போகுது, மூச்சு கரகரங்குது. தொடைச் சதை தோலுக்கு அடியில புழு நெளியற மாதிரி துடிக்குது.

கேரட் தொண்டையில சிக்கியிருக்கும்னு நினைச்சு முதல்ல கையை உள்ள விட்டுப் பார்த்தேன். ஒண்ணும் இல்ல. மாட்டு டாக்டர் வந்து கண்ணைப் பார்த்தார், டிரம் பக்கத்துல கிடந்த பாட்டிலைப் பார்த்தார், மஞ்சள் முக்கோணம் போட்ட பாட்டில். அட்ரோபின்னு சொல்லி ஒரு பாதியை நரம்புல மெதுவா ஏத்தினார், மீதியைத் தோலுக்கடியில போட்டார். பத்து நிமிஷத்துல ஒழுகறது நின்னுடுச்சு. கண்ணுல தண்ணியும் நின்னுது. ஆனா தொடை மட்டும் துடிச்சுக்கிட்டே இருந்துச்சு. அதுக்கு வேற ஊசி போட்டார்.

என் கேள்வி இதுதான். கழுத்துல போட்ட ஊசி வாய்க்கு எப்படிப் போச்சு? வாயை மூடின ஊசி தொடையை ஏன் மூடல?

மன்னவனூர் ஆடுகள்
ஞாயிறு, இரவு 9.34

பிழைச்சதே பெரிய விஷயம் அண்ணா. எங்க பக்கம் மருந்து நக்கினா புளியைக் கரைச்சு மூங்கில் குழாயில ஊத்துவாங்க. அதைச் செஞ்சு பார்த்தீங்களா?

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்
ஞாயிறு, இரவு 10.02

மன்னவனூர் தம்பி, அதை மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். வாயில் ஊறுவதையே விழுங்க முடியாமல் நிற்கும் மாட்டுக்குத் தலையைத் தூக்கிப் பிடித்து எதை ஊற்றினாலும் பாதி நுரையீரலுக்குத்தான் போகும். விஷத்தில் பிழைத்து நிமோனியாவில் செத்த மாடுகளைப் பார்த்திருக்கிறேன்.

கேத்தி தம்பி, நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எச்சில் தானாக வழிவது கிடையாது. அதற்குக் காதடியில் ஒரு ஜோடி, கீழ்த்தாடைக்கு உட்புறம் ஒரு ஜோடி, நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி என்று பெரிய சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் மூளையின் அடித்தண்டிலிருந்து நரம்பு வருகிறது. தாடைச் சுரப்பிக்கும் நாவடிச் சுரப்பிக்கும் ஏழாவது மூளை நரம்பின் கிளை. அது நடுக்காதுக்குள் புகுந்து செவிப்பறையை ஒட்டி ஓடி, நாக்குக்குப் போகும் நரம்போடு சேர்ந்து கீழே இறங்குகிறது. காதடியில் உள்ள பரோடிட் சுரப்பிக்கு ஒன்பதாவது மூளை நரம்பு. இந்த நரம்புகளின் நுனி சுரப்பிச் செல்லைத் தொடுவதில்லை. பக்கத்தில் போய் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை உமிழ்கிறது. செல்லின் மேல் அதற்கென்று ஏற்பிகள் உண்டு. அவை அதைப் பிடித்ததும் செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது, உப்பு வெளியே போகிறது, உப்பின் பின்னாலேயே தண்ணீர் போகிறது. அதுதான் எச்சில்.

உங்கள் தோட்டத்து ஸ்பிரிங்ளரை நினைத்துக்கொள்ளுங்கள். நரம்பு வால்வைத் திறக்கிறது. வேலை முடிந்ததும் மூடுவதற்கு ஒரு நொதி அங்கேயே நிற்கிறது, கொலினெஸ்டரேஸ் என்று பெயர். அசிட்டைல்கோலினைக் கண்ணிமைக்கும் நேரத்தில் உடைத்துப் போடும். உங்கள் மாடு நக்கிய மருந்து ஆர்கனோபாஸ்பேட் வகையாக இருக்க வேண்டும். பூச்சிக்கும் மாட்டுக்கும் நமக்கும் இந்த நொதி பொது. மருந்து இதன் கையைத்தான் கட்டிப்போடுகிறது. திறந்த வால்வை மூட ஆள் இல்லை. எச்சில், கண்ணீர், கழிச்சல், மூச்சுக்குழலில் சளி, சுருங்கிய கண்மணி, எல்லாம் ஒரே காரணம்.

அட்ரோபின் அந்த நொதியை விடுவிக்கவில்லை. சுரப்பிச் செல்லின் ஏற்பியில் தானே போய் உட்கார்ந்துகொள்கிறது. அசிட்டைல்கோலின் வெளியே தேங்கித்தான் நிற்கிறது, உள்ளே நுழைய இடமில்லை. ரத்தத்தில் கலந்தால் எந்த ஊருக்கும் போகும், கழுத்தில் போட்டால் என்ன, வாலில் போட்டால் என்ன.

இனி தொடை. சுரப்பியில் உள்ள ஏற்பிக்கு மஸ்கரினிக் என்று பெயர், எலும்புத் தசையில் உள்ளது நிகோட்டினிக். இரண்டும் அசிட்டைல்கோலினுக்கே வேலை செய்கின்றன, ஆனால் அமைப்பு வேறு. அட்ரோபின் முதலாவதில் மட்டும் பொருந்தும். அதனால்தான் வாய் நின்றது, தொடை நிற்கவில்லை. உங்கள் டாக்டர் போட்ட இரண்டாவது ஊசி பெரும்பாலும் பிராலிடாக்சிமாக இருக்கும். அதுதான் கட்டிப்போட்ட கையை அவிழ்ப்பது. நேரம் தாழ்ந்தால் முடிச்சு இறுகிவிடும், பிறகு அவிழாது. நீங்கள் சீக்கிரம் கூப்பிட்டது அவளைக் காப்பாற்றியிருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். ஊசிக்குப் பிறகு வாய் முழுக்கக் காய்ந்ததா, அல்லது ஏதாவது இருந்ததா?

கேத்தி கேரட்
ஞாயிறு, இரவு 10.20

ரொம்ப நன்றிங்க ஐயா. ரெண்டு தடவை படிச்சேன், இப்பத்தான் விளங்குது.

முழுசாக் காயல. தொங்கறது நின்னுது, ஆனா உதட்டோரம் கோந்து மாதிரி பிசுபிசுன்னு இருந்துச்சு. விரல்ல தொட்டா ஒட்டுது.

ஊட்டி விலங்கியல் மாணவன்
ஞாயிறு, இரவு 10.41

ஐயா, ஒரு சந்தேகம். அட்ரோபின் ஏற்பியை அடைத்துவிட்டால் எச்சில் முழுவதும் நிற்க வேண்டுமே? 1872-இல் ஹைடன்ஹைன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி நாயின் தாடைச் சுரப்பியில் செய்த சோதனையைப் படித்திருக்கிறேன். அட்ரோபின் கொடுத்த பிறகு நரம்பைத் தூண்டினால் எச்சில் வரவில்லை. ஆனால் சுரப்பிக்குப் போகும் ரத்தம் மட்டும் கூடியது. நாயில் நின்றது மாட்டில் ஏன் நிற்கவில்லை?

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்
ஞாயிறு, இரவு 11.15

அதற்காகத்தான் கேட்டேன். மாட்டின் பரோடிட் நாயின் பரோடிட் அல்ல. அசைபோடும் விலங்குகளில் அது ஓயாமல் சுரக்கும். நரம்பை முழுக்கத் துண்டித்தாலும் கொஞ்சம் சுரந்துகொண்டே இருக்கும். நரம்பு அதைக் கூட்டுகிறது, தொடங்கி வைப்பதில்லை. அட்ரோபின் கொடுத்தால் நரம்பு கூட்டிய பங்கு போய்விடுகிறது. அடிச்சுரப்பு கெட்டியாகத் தங்குகிறது. தம்பி தொட்ட கோந்து அதுதான். மாட்டுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது எச்சிலை நிறுத்த என்று அட்ரோபின் போடுவதை நாங்கள் தவிர்ப்பதும் இதனால்தான். எச்சில் நிற்காது, கெட்டிப்பட்டு மூச்சுக்கு இடைஞ்சல் செய்யும்.

ஏன் ஓயாமல் சுரக்க வேண்டும்? மாட்டுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் எச்சில் ஊறுகிறது. மனிதனுக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர். அந்த 100 லிட்டரும் சோடா உப்புக் கரைசல் மாதிரி காரமானது. முன்வயிற்றில் நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்க வைத்து அமிலம் உண்டாக்குகின்றன, இரவும் பகலும். அந்த அமிலத்தை அடக்க எச்சில் இரவும் பகலும் இறங்கியாக வேண்டும். உங்கள் மாட்டின் வாய் ஒழுகும்போது தரையில் போனது வெறும் தண்ணீர் அல்ல, வயிற்றுக்குப் போக வேண்டிய காரம்.

குன்னூர் நர்ஸ்
திங்கள், காலை 6.50

இரவு டியூட்டி முடிந்து வந்து இழை முழுவதும் படித்தேன். எல்லாரும் நரம்பு, ஏற்பி என்று பேசுகிறீர்கள். எனக்கு ஒரே வரி கண்ணிலேயே நிற்கிறது: "கையை உள்ள விட்டுப் பார்த்தேன்."

அண்ணா, வாய் ஒழுகும் மாட்டின் வாயில் வெறும் கையை விடாதீர்கள். வெறிநோயிலும் மாட்டுக்கு இப்படித்தான் ஒழுகும். தொண்டை நரம்புகள் செயலிழந்து விழுங்க முடியாமல் நிற்கும். வீட்டுக்காரர் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கையை விடுவார். நான் இருக்கும் ஊரில்தான் 1907-இல் வெறிநோய்த் தடுப்புக்காகப் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. இந்த மலையில் பிறந்தவர்கள் இதை மறக்கக்கூடாது.

டாக்டர் ஐயா நரம்பைப் பற்றி எழுதியதால் இதையும் சொல்கிறேன். வெறிநோய்க் கிருமி ரத்தத்தில் போவதில்லை. கடித்த இடத்து நரம்பைப் பிடித்து மூளைக்கு ஏறுகிறது. அங்கே பெருகிய பிறகு வேறு நரம்புகள் வழியாகக் கீழே இறங்குகிறது. அப்படி இறங்கும் வழிகளில் ஒன்று எச்சில் சுரப்பிக்கான நரம்பு. எச்சிலைச் சுரக்கச் சொல்லி மூளை அனுப்பும் அதே பாதை. அதனால்தான் கடித்தால் பரவுகிறது.

கையில் கீறல் ஏதும் இருந்ததா?

கேத்தி கேரட்
திங்கள், காலை 7.15

அக்கா, கேரட் புடுங்கற கை, கீறல் இல்லாம இருக்குமா. சோப்புப் போட்டுக் கழுவினேன், அவ்வளவுதான். நான் இதை யோசிக்கவே இல்ல.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்
திங்கள், காலை 8.05

நர்ஸ் அம்மா சொல்வது நூற்றுக்கு நூறு. தம்பி, இந்த முறை காரணம் கண் முன்னால் தெரிகிறது. பாட்டில் இருக்கிறது, கண்மணி சுருங்கியிருந்தது, அட்ரோபினுக்குக் கேட்டது, மாடும் தேறிவிட்டது. வெறிநோய் வந்த மாடு தேறாது. இருந்தாலும் கையில் கீறல் என்று உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்ததைச் சொல்லிவிடுங்கள், முடிவு அவர்கள் எடுக்கட்டும். இனி இப்படி ஆனால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும்.

இந்த இழையில் நான் ஒன்றைத்தான் எல்லார் மனதிலும் பதிய வைக்க விரும்புகிறேன். வாய் ஒழுகுகிறது என்றால் முதல் கேள்வி: ஊறுவது கூடியிருக்கிறதா, விழுங்குவது நின்றிருக்கிறதா? பார்ப்பதற்கு இரண்டும் ஒரே நூல், ஒரே நுரை. மாட்டுக்குச் சாதாரணமாகவே 100 லிட்டர் ஊறுகிறது அல்லவா, விழுங்குவது நின்றாலே போதும், வாளி வாளியாக வெளியே வரும். சுரப்பியில் ஒரு குறையும் இருக்காது.

நம் மலையில் உருளைக்கிழங்கும் கேரட்டும் முழுசாகப் போட்டு உணவுக்குழாய் அடைத்துக்கொள்வது அடிக்கடி வருவது. அது விழுங்குவது நின்ற கணக்கு. எச்சில் கீழே இறங்காது, ஏப்பம் மேலே ஏறாது, அதனால் இடப்பக்கம் வயிறு மத்தளம் மாதிரி உப்பும். கண்மணியில் மாற்றம் இருக்காது. வெறிநோயும் விழுங்குவது நின்ற கணக்குத்தான், ஆனால் குரல் மாறும், குணம் மாறும். கோமாரியில் வாய்ப்புண் இரண்டையும் செய்யும்: புண் வலியால் விழுங்காது, புண்ணின் உறுத்தலால் ஊறுவதும் கூடும். காய்ச்சல் இருக்கும், குளம்பிடுக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும். மருந்து விஷம் ஊறுவது கூடிய கணக்கு, கூடவே கண்மணி சுருங்கும், சதை துடிக்கும். கையை உள்ளே விடாமலே கண், வயிறு, குளம்பு மூன்றையும் பார்க்கலாம்.

மன்னவனூர் ஆடுகள்
திங்கள், காலை 9.30

ஐயா, புளி விஷயம் இனி சொல்ல மாட்டேன். எங்கப்பா காலத்துப் பழக்கம்.

எங்க மேட்டுல சோலை ஓரமா காட்டுப்பூவரசு நிறைய. சிவப்பாக் கொத்துக் கொத்தாப் பூக்கும். புல் காய்ஞ்ச மாசத்துல ஆடு அந்த இலையைக் கடிச்சா வாய் நுரைதள்ளும், பச்சையா வாந்தி எடுக்கும், தள்ளாடும். அதுவும் இதே கணக்கா?

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்
திங்கள், காலை 10.10

ஊறுவது கூடிய கணக்கு, ஆனால் வேறு கதவு. அந்த இலையில் கிரயனோடாக்சின் என்ற நஞ்சு இருக்கிறது. நரம்பிழையின் மேல் சோடியம் போய்வரும் வாயில்களை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். மருந்து விஷத்தில் நரம்பு சொன்னதை அழிக்க ஆளில்லை. இங்கே நரம்பு தானே ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதயத் துடிப்பும் குறையும். ஆட்டை நிழலில் கட்டி உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். வாந்தி எடுக்கும் ஆட்டுக்கும் வாயில் எதையும் ஊற்றக்கூடாது.

நேர் எதிரானதும் உங்கள் கொடைக்கானலில் வேலி வேலியாக நிற்கிறது. நீளமாக மணி போல் தலைகீழாகத் தொங்குமே, ராத்திரி மணக்கும் பூ, ஊமத்தையின் உறவு. அதில் இருப்பது அட்ரோபின் குடும்பம். தின்றால் வாய் காயும், கண்மணி விரியும்.

கோத்தகிரி டாமி வீடு
திங்கள், மதியம் 1.25

மாட்டு இழையில் நாயைக் கொண்டு வருவதற்கு மன்னிக்கணும். எங்க டாமிக்கு குக்கர் மூடி திறக்கிற சத்தம் கேட்டாலே தரையெல்லாம் ஜொள்ளு. மேட்டுப்பாளையத்துல இருந்து கார்ல மேல வரும்போதும் மூணாவது வளைவுலயே ஆரம்பிச்சிடும், சாப்பாடே இல்லாம. போன மாசம் ஊசி போடக் கூட்டிட்டுப் போனப்ப மேஜை மேலயும் ஒழுகிச்சு. மனுஷங்களுக்குப் பயந்தா நாக்கு ஒட்டிக்குது, இதுக்கு ஏன் ஒழுகுது?

ஊட்டி விலங்கியல் மாணவன்
திங்கள், மதியம் 2.00

குக்கர் மூடிக்கு நான் பதில் சொல்கிறேன் அக்கா. அதுதான் ரஷ்ய விஞ்ஞானி பாவ்லவ் கண்டது. செரிமானச் சுரப்பிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காக அவருக்கு 1904-இல் நோபல் பரிசு. நாயின் எச்சில் குழாயைக் கன்னத்தின் வெளியே திருப்பி வைத்து, சொட்டுச் சொட்டாக எண்ணினார். மெட்ரோனோம் என்ற தாளக் கருவி தட்டியதும் சாப்பாடு வரும் என்று பழகிய நாய்க்கு, மெட்ரோனோம் சத்தத்துக்கே சொட்டு விழுந்தது. டாமிக்கு மெட்ரோனோம் உங்கள் குக்கர்.

பயத்துக்கு: பரிவு நரம்பு (பயத்தில் உடலை முடுக்குவது) எச்சிலைக் குறைக்கும், எதிர்ப்பரிவு நரம்பு (ஓய்விலும் செரிமானத்திலும் வேலை செய்வது) கூட்டும் என்று படித்திருக்கிறேன். டாமி விஷயத்தில் அது தலைகீழாக இருக்கிறதே, ஐயாதான் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்
திங்கள், மாலை 5.40

தம்பி, அந்தப் பட்டியலை நானும் மனப்பாடம் செய்திருக்கிறேன். இதயத்துக்கு அது சரி, எச்சில் சுரப்பிக்குச் சரியில்லை. எச்சிலில் இரண்டு நரம்பும் ஒரே பக்கம்தான் இழுக்கின்றன. எதிர்ப்பரிவு நரம்பு தண்ணீரைத் தருகிறது, நிறைய. பரிவு நரம்பு புரதத்தைத் தருகிறது, அளவு குறைவு, கெட்டி. நாயின் கழுத்தில் பரிவு நரம்பைத் தூண்டினால் எச்சில் நிற்காது, கொஞ்சமாகக் கொழகொழவென்று வரும்.

பயந்தால் வாய் ஏன் காய்கிறது? சுரப்பியை யாரும் மூடுவதில்லை. மேல்மூளை, அடித்தண்டில் உள்ள எச்சில் மையத்தையே அடக்கிவிடுகிறது. அந்த மையத்துக்கு எத்தனையோ இடத்திலிருந்து சொல் வருகிறது: நாக்கின் சுவை, பல்லிடுக்கின் அழுத்தம், மணம், பழகிய சத்தம், உட்காதின் சமநிலை உறுப்பு. வளைவில் கார் திரும்பத் திரும்ப உட்காது கலங்குகிறது, வாந்தி மையம் விழிக்கிறது, அதை அடுத்துள்ள எச்சில் மையமும் சேர்ந்து விழிக்கிறது. வாந்திக்கு முன் வாயில் தண்ணீர் ஊறுவது நமக்கும் உண்டு. வரப்போகும் அமிலத்திலிருந்து பல்லையும் தொண்டையையும் காக்கும் ஏற்பாடு. டாமி மருத்துவமனைக்கும் காரில்தானே வந்தான்? குமட்டல் அடங்காமலே மேஜை ஏறியிருக்கலாம். அடுத்த முறை வெறும் வயிற்றோடு கூட்டி வாருங்கள், இறங்கியதும் கால் மணி நேரம் நடக்க விடுங்கள்.

இன்னொன்று. வயிற்றுக்கும் கணையத்துக்கும் ஹார்மோன் கட்டளை உண்டு. எச்சில் ஓட்டத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் நரம்பு மட்டும்தான். வாயில் உணவு நிற்பதே சில நொடி, ஹார்மோன் ரத்தத்தில் சுற்றி வரும்வரை காத்திருக்க முடியாது. ஹார்மோனால் எச்சிலின் உப்பை மாற்ற முடியும். ஆட்டுக்கு உப்புக் குறைந்தால் அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் கூடி, எச்சிலில் சோடியம் குறைந்து அந்த இடத்தைப் பொட்டாசியம் பிடிக்கும். மன்னவனூர் தம்பி, உப்புக் கட்டி தொங்கவிட மறக்காதீர்கள்.

கோத்தகிரி டாமி வீடு
திங்கள், மாலை 6.05

காரில்தான் ஐயா, கார்லயே ஒரு தடவை வாந்தியும் எடுத்தான். பயம்னு நினைச்சு அவனைத் திட்டிட்டேன். இனி நடக்க விடறேன்.

குன்னூர் நர்ஸ்
திங்கள், இரவு 8.20

கேத்தி அண்ணா, சுகாதார நிலையம் போனீங்களா?

கேத்தி கேரட்
திங்கள், இரவு 8.45

போனேன் அக்கா. எல்லாத்தையும் சொன்னேன், பாட்டிலையும் காட்டினேன். எழுதிக்கிட்டாங்க, என்ன செய்யணும்னு சொல்லியிருக்காங்க, அப்படியே செய்யறேன். பாலை டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் கறந்து கீழ ஊத்தறோம், கன்னுக்கும் குடுக்கல. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து ரொம்ப வருத்தப்பட்டார். டிரம்மைக் கழுவிக் கவுத்து வச்சிருக்கார்.

அவ இன்னும் அசைபோடல ஐயா. தழையை முகர்ந்துட்டு விட்டுடறா. அதான் கவலையா இருக்கு.

ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர்
திங்கள், இரவு 9.00

அட்ரோபின் முன்வயிற்றின் அசைவையும் அடக்கும், அதனால் நேரமாகும். தீவனக் கலவையைக் குறைத்து நீளமான காய்ந்த புல்லைக் கொடுங்கள். முன்வயிற்றின் சுவரைச் சொரசொரப்பான புல் உரசினால்தான் அசைபோடும் உந்துதல் மூளைக்குப் போகும். மெல்ல ஆரம்பித்தால் அந்த மெல்லுதலே எச்சில் நரம்பைத் தூண்டும், எந்தப் பக்கம் மெல்லுகிறாளோ அந்தப் பக்கத்துப் பரோடிட் அதிகமாகச் சுரக்கும். இடப்பக்க வயிறு உப்புகிறதா என்று இரவில் ஒரு முறை பாருங்கள். உப்பினால் உங்கள் டாக்டரை எழுப்பத் தயங்காதீர்கள்.

ஆரம்பித்ததும் ஒரு கவளத்துக்கு எத்தனை மெல்லு என்று எண்ணி எழுதுங்கள். 50, 60 வந்தால் எனக்கு நிம்மதி.

கேத்தி கேரட்
செவ்வாய், காலை 5.50

வயிறு உப்பல. விடியக்காலம் நாலு மணிக்கு டார்ச் எடுத்துட்டுப் போனேன். வெளிய புல்லெல்லாம் பனி உறைஞ்சு வெள்ளையா இருக்கு. படுத்திருந்தா. கழுத்துல ஒரு உருண்டை கீழ இருந்து மேல ஏறுச்சு, தாடை இடப்பக்கமா ஆட ஆரம்பிச்சுது. உதட்டோரம் கொஞ்சமா வெள்ளை நுரை, ஒழுகல, விழுங்கிட்டா. பக்கத்துல சாக்கைப் போட்டு உக்காந்து மூணு கவளம் எண்ணினேன்.

48. 55. 57.